ஏ-ஆர்முக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

பட்டறை வாத்தியார்:
எல்லாருக்கும் வணக்கம். பசங்க பாஹா போட்டிக்கு (மாணவர்களே வண்டி செஞ்சு ஓட்டுற போட்டி) செஞ்ச பழைய ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில ஓடற நாலு சக்கர வண்டி ஒண்ணு காலேஜ் ஒர்க்‌ஷாப்ல கிடக்கு, அதோட முன்பக்கத்தைக் கழட்டிட்டு வெளிய வாங்குன ஏ-ஆர்ம் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோட சேக்குற, A எழுத்து மாதிரி இருக்குற கை), மாருதி 800 பால் ஜாயின்ட், ஃபாக்ஸ் ஃப்ளோட் ஷாக் (அதிர்வு தாங்கி) எல்லாம் மாட்டப்போறோம், புதுசா சேந்தவங்கள்ல பாதிப்பேர் தமிழ் மீடியம்ங்கறதால செய்முறைத் தாளைத் தமிழ்ல எழுதிட்டிருக்கேன். மெஷின் மொழிபெயர்ப்புல போட்டா "முன் இடைநீக்கத்தைப் பொருத்தவும்"னு குடுக்குது. யாரு சார் சஸ்பெண்ட் ஆனதுன்னு கேக்குறானுங்க. பால் ஜாயின்டுக்கு ஸ்கூல் புக்ல இடுப்புக்குச் சொல்ற பந்துக்கிண்ண மூட்டையே எடுத்துக்கிட்டேன். சஸ்பென்ஷனும் (சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவுல குலுக்கலைத் தாங்குற அமைப்பு) ஏ-ஆர்மும்தான் நிக்குது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, புதுசா எதுக்குத் தேடுறீங்க? பார வண்டிக்கு வில் கிடையாது, ஆளு ஏறிப்போற வண்டிக்குப் பட்டை வில் வச்சாங்க, வில்வண்டின்னு பேரும் வச்சாங்க. சஸ்பென்ஷனுக்கு வில்லமைப்புன்னு போடுங்க. ஏ-ஆர்முக்குக் கவை. ரெண்டாப் பிரியறதெல்லாம் கவைதான். கவடு, கவட்டை, கவண் எல்லாம் ஒரே வேர். குறுந்தொகையில கவைமகனார்னே ஒரு புலவர் இருக்கார், அவர் பாட்டுல வர்ற கவைமகவுக்கு இரட்டைப் பிள்ளைன்னு பொருள் சொல்வாங்க, அங்கயும் ஒண்ணு ரெண்டாப் பிரியுது பாருங்க.

டொரொன்டோகாரன்:
ஐயா, கவண் கயித்துல கல்லை வச்சுச் சுத்தி எறியறதாச்சே, அதுல எங்க கவை இருக்கு? கவட்டை வில்லோட குழப்பிக்கிட்டீங்களோன்னு தோணுது. அப்புறம் இவங்க மாட்டற ஷாக்ல வில்லே கிடையாது, காத்தழுத்தம் மட்டும்தான். வில்லமைப்புன்னு போட்டா பையன் ஸ்பிரிங்கைத் தேடிக்கிட்டு நிப்பான்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
எள் நெய்தான் எண்ணெய். தேங்காயெண்ணெய்ல எள்ளைத் தேடுறீங்களா?

டொரொன்டோகாரன்:
மண்ணெண்ணெயையும் சேத்துக்கோங்க ஐயா :) ஆனா அதெல்லாம் ஜனங்க பேசிப்பேசி வந்தது, நாம ஒரு தாள்ல அச்சடிச்சா வந்துடாது.

கியர் ஆயில்:
நான் வண்டி வேலை பாக்குறவன், மன்னிச்சுக்கங்க, கவைன்னு ஒருத்தன்கூட சொல்லமாட்டான், லோயர் ஆர்ம் அப்பர் ஆர்ம் அவ்ளோதான். பேரை விடுங்க, இது தாள்ல இருக்கான்னு பாருங்க: ஆர்ம் மாட்டற இடத்துல இருக்குற உருளை, அதான் புஷ், ரப்பரா இருந்தா வண்டி ஜாக்ல தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை முழுசா முறுக்கக்கூடாது, லேசா புடிச்சு விட்டுட்டு சக்கரம் தரையில உக்காந்தப்புறம்தான் டார்க் வைக்கணும் (சொன்ன அளவுக்கு முறுக்கணும்), இல்லேன்னா புஷ் முறுக்கின நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழிஞ்சிடும். ஆர்ம் பழசைவிட நீளம்னா டை ராடும் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட சேக்குற கம்பி) பிரேக் ஹோஸும் எட்டாது. கடைசில டோ (முன் சக்கரம் உள்பக்கமா வெளிப்பக்கமா திரும்பியிருக்குற அளவு) பாக்கணும், நட்டு கழண்டுடாம இருக்க மாட்டற ஸ்பிலிட் பின் போட மறந்துடுவானுங்க.

பட்டறை வாத்தியார்:
புஷ் விஷயம் விட்டுப்போச்சு அண்ணே, சேத்துட்டேன். ஐயா, இன்னைக்கு போர்டுல "கீழ்க் கவட்டையில் கிரீஸ் தடவவும்"னு எழுதிப் பாத்தேன். கிளாஸே உருண்டு சிரிச்சுது. கடைசி பெஞ்ச்காரன் வெளிய போயிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்தான். கவட்டை வேணாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நான் கவைன்னுதானே சொன்னேன்! சரி, கவைக்கைன்னு போடுங்க. க் போடாம விட்டுடாதீங்க, விட்டா கவையும் கையும்னு உம்மைத்தொகை ஆயிடும்.

டொரொன்டோகாரன்:
கவைக்கை ஓகே. சொல்றதுக்குத்தான் நாக்கு கொஞ்சம் சிக்குது.

கியர் ஆயில்:
போடுங்க, பக்கத்துலயே ஆர்ம்னும் போடுங்க.

பட்டறை வாத்தியார்:
வெள்ளி காலைல பிரின்ட் குடுத்தாச்சு. மேல் கவைக்கை, கீழ் கவைக்கை, ரெண்டுக்கும் பக்கத்துல ஆர்ம். சஸ்பென்ஷனை அப்படியே சஸ்பென்ஷன்னு விட்டுட்டேன், நேரமில்ல. மத்தியானம் போய்ப் பாத்தா பசங்க பார்ட்ஸ் மேல வெள்ளை பெயின்ட்ல "இடது ஆர்ம்", "வலது ஆர்ம்"னு எழுதி வச்சிருக்கானுங்க.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வில்லமைப்பை விட்டதுக்கு நான் ஒத்துக்கல. கவண் பத்தியும் பாக்கி இருக்கு, ஞாயித்துக்கிழமை விளக்கமா எழுதுறேன்.