ஸ்பீடோ கேபிள்: மழைக்கு முன்னே கழற்றி கிரீஸ் போடுவதா, அறுந்தால் மாற்றிக்கொள்வதா?

குடந்தை_350:
புரட்டாசி முடியப் போகிறது, ஐப்பசி அடைமழை வந்துவிடும். பழைய புல்லட், ஆர்எக்ஸ்100 மாதிரி முன்சக்கரத்திலிருந்து கேபிள் வழியாக ஸ்பீடோமீட்டர் ஓடும் வண்டிகளுக்கு இரண்டு யோசனை சொல்கிறார்கள். கேபிளை இப்போதே கழற்றிச் சுத்தம் பண்ணி கிரீஸ் போடு என்பது ஒன்று. ஓடுகிற வரைக்கும் கை வைக்காதே, அறுந்தால் புதுசு போடு என்பது இன்னொன்று. எது சரி, காரணத்தோடு சொல்லுங்கள்.

மன்னை_ஒர்க்‌ஷாப்:
கழற்றத்தான் வேண்டும் தம்பி. இன்னர், அதாவது கேபிளுக்குள் சுற்றும் கம்பி, காரணமில்லாமல் அறாது. மீட்டருக்குள் காந்தம் சுற்றும் ஸ்பிண்டில் (தண்டு) காய்ந்து இறுகினாலோ, அவுட்டருக்குள் (கம்பியை மூடிய வெளி உறை) துரு ஏறினாலோ இன்னர் முறுக்கேறி முனைக்கு அருகில் அறும். கீழே ஹப் டிரைவ் (சக்கரத்தின் நடுவில் கேபிளைச் சுற்றிவிடும் பல்சக்கரப் பகுதி) இறுகினால் கேபிள் அறாது, டிரைவின் காது (ஹப்பின் பள்ளத்தில் உட்காரும் நீட்சி) ஒடியும் அல்லது பல் தேயும். இந்த வித்தியாசம் பார்க்காமல் கேபிளை மட்டும் மாற்றினால் புதுசும் அதே இடத்தில் போகும்.

மழைக்கு முன்னே செய்ய வேண்டியது இது. மேல் நட்டைக் கழற்றி இன்னரை உருவுங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கண்ணாடி மேல் வைத்து உருட்டுங்கள். ஓரிடத்தில் துள்ளினால் அங்கே மடிப்பு இருக்கிறது, முள் ஆடுவது அதனால்தான், அந்த இன்னரைத் திரும்பப் போடாதீர்கள். சதுர முனையின் நான்கு மூலையும் கூர்மையாக இருக்கிறதா பாருங்கள். பிறகு சுண்டைக்காய் அளவு இளகிய லித்தியம் கிரீஸை விரலில் எடுத்து மெல்லிசாக, கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் தடவுங்கள். மேலே குறைந்தது 15 செ.மீ. காய்ந்தே இருக்கட்டும்.

நாகை_வடகரை:
அண்ணே, உங்கள் முறை சரி. ஆனால் அதை அப்படியே செய்கிறவர்கள் எத்தனை பேர்? இன்னர் கம்பி புரிபுரியாகச் சுற்றியது, சுற்றும்போது அந்தப் புரி கிரீஸையும் ஆயிலையும் மேலே ஏற்றிவிடும். மீட்டருக்குள் போனால் காந்தத்துக்கும் அலுமினியக் கிண்ணத்துக்கும் நடுவில் பிசுக்கு படிந்து முள் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடிக்குள் புகை மாதிரி படியும். கேபிள் கடையில் கிடைக்கும் பொருள். பழைய அசல் மீட்டரைத் திறந்து சரி செய்ய ஆள் தேட வேண்டும். அதனால்தான் சாதாரணமாக ஓட்டுகிறவருக்குக் கை வைக்காதே என்கிறேன். இன்ஜின் ஆயில் ஊற்றுவது அதைவிட மோசம், ஒரே இரவில் கீழே வடிந்து டிரைவ் கிரீஸையும் கரைத்துவிடும்.

மன்னை_ஒர்க்‌ஷாப்:
தப்பாகச் செய்வார்கள் என்பதற்காகச் செய்யாமலே விடலாமா? டெல்டாவில் மழைத் தண்ணீர் வழிந்து அவுட்டரின் அடியில் நிற்கிறது. ஹெட்லைட் பிராக்கெட்டில் உரசித் தோல் கிழிந்த இடம்தான் வாசல். அங்கே ரப்பர் குழாயைப் பிளந்து சுற்றிக் கட்டுங்கள். வாட்டர் சர்வீஸில் அடிக்கிற பிரஷர் தண்ணீர் கீழ் முனையிலும் ஹப் சீலிலும் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) நேராகப் படக்கூடாது.

வேதாரண்யம்_ஆர்எக்ஸ்:
உப்பளப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாரியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் கீழ் நட்டில் படிந்தால் வெள்ளையாகப் பூத்து இறுகிவிடும். அதைத் திருகும்போது அவுட்டரோடு சேர்ந்து முறுக்கிக் கிழிக்கிறார்கள். முன்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வைத்துவிட்டு, அவுட்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள்.

குடந்தை_350:
கேபிளா மீட்டரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மன்னை_ஒர்க்‌ஷாப்:
மேல் நட்டை மட்டும் கழற்றி, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். இன்னர் முனை சுற்றினால் கீழே எல்லாம் நலம். சுற்றாவிட்டால் கீழ் முனையையும் கழற்றி டிரைவ் சுற்றுகிறதா பாருங்கள். மீட்டரைச் சோதிக்க, பழைய இன்னரின் சதுர முனையை ஒரு சாண் நீளம் வெட்டி மீட்டரில் செருகி விரலால் சுழற்றுங்கள். லேசாகச் சுற்றி முள் துள்ள வேண்டும். கரகரத்தால் புது கேபிள் போடுவது வீண்.

நாகை_வடகரை:
இதை ஒப்புக்கொள்கிறேன், புதுசு போடுகிறவரும் செய்ய வேண்டிய சோதனை இது. கூடவே நீளத்தையும் பாருங்கள். கீழே உட்கார்ந்த பிறகு மேலே அவுட்டருக்கு வெளியே சுமார் 10 மி.மீ. நீண்டால் போதும். அதிகமானால் ஸ்பிண்டிலை மேலே முட்டித் தேய்க்கும். குறைந்தால் வழுக்கிச் சதுரம் உருண்டையாகும். மார்க்கெட்டில் வரும் சில கேபிள்களில் இன்னர் இரண்டு பக்கமும் அழுத்தி அடைத்திருக்கும், உருவவே முடியாது. அவற்றுக்கு உங்கள் சர்வீஸ் எப்படிப் பொருந்தும்?

மன்னை_ஒர்க்‌ஷாப்:
பொருந்தாது. அந்த ரகத்தை வாங்காமலிருப்பதே நல்லது. இருந்தால் முள் ஆடத் தொடங்கியதுமே மாற்றிவிடுங்கள், அறும் வரை காத்திருக்க வேண்டாம்.

வளைவும் முக்கியம். மீட்டருக்கு அடியில் 5 செ.மீ. வரை நேராக இறங்க வேண்டும், பிறகு எங்கும் 15 செ.மீ. ஆரத்துக்குக் குறைந்து வளையக்கூடாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பியும், ஃபோர்க்கை அமுக்கியும் பார்த்த பிறகுதான் கிளிப்பை மாட்டுங்கள். பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டினால் அங்கேதான் மடியும்.

திருவையாறு_ஸ்போக்:
டிஜிட்டல் மீட்டர் மாட்டினால் இந்தப் பாடே இல்லையே?

நாகை_வடகரை:
1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-வது விதி ஸ்பீடோமீட்டரைப் பற்றியது, மீட்டரே இல்லாமல் ஓட்டுவது சரியல்ல. டிஜிட்டலும் மீட்டர்தான். ஆனால் பழைய வண்டியின் முகமே அந்த அசல் மீட்டர், அதைக் கழற்றிப் போட எனக்கு மனசு வராது.

நம் பக்கம் இன்னொரு தொல்லையும் உண்டு. தை மாத அறுவடையில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காய்கிறது. வைக்கோல் முன் ஆக்ஸிலில் சுற்றி, ஹப்புக்கும் டிரைவுக்கும் நடுவில் கயிறு மாதிரி இறுகி, சீலைத் தின்றுவிடும். ரோட்டைத் தாண்டியதுமே நிறுத்தி ஹூக் கம்பியால் இழுத்து எடுங்கள். பிளேடு போட்டால் சீலும் வெட்டுப்படும்.

மன்னை_ஒர்க்‌ஷாப்:
உண்மை. பஞ்சர் ஒட்ட முன்சக்கரத்தைக் கழற்றுகிற இடத்திலும் பக்கத்தில் நில்லுங்கள். டிரைவின் காதுகள் ஹப்பின் பள்ளத்தில் உட்காராமலே ஆக்ஸில் நட்டை இறுக்கிவிடுகிறார்கள், காது மடங்கிவிடுகிறது. சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே டிரைவை உள்ளே தள்ளி, காது பள்ளத்தில் விழுவது கையில் தெரிந்த பிறகு, கேபிள் வரும் திசைக்கு டிரைவைத் திருப்பி வைத்து, அதற்கப்புறம் நட்டை இறுக்கச் சொல்லுங்கள். சக்கரம் வெளியே இருக்கும்போதே டிரைவைத் துடைத்துப் புது கிரீஸ் வைத்துவிடுங்கள், அதற்கென்று தனியாக ஒரு நாள் வேண்டியதில்லை.