பறக்கும் உதைசுவரா, முட்டுவளைவா?

> “பறக்கும் உதைசுவர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.”

வணக்கம்.

‘flying buttress’ என்ற கட்டடக்கலைச் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் எழுதியதைத்தான் மேலே கொடுத்திருக்கிறேன். ஆங்கிலம் தெரிந்தவருக்கு அந்த ஆங்கிலச் சொல்லே போதுமே. பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் படத்தை முதன்முதலாகப் பார்க்கும் பள்ளி மாணவிக்குத்தான் நாம் சொல் தேடுகிறோம். அவள் பார்ப்பது சுவரே அல்ல. தள்ளி நிற்கும் கல்தூணிலிருந்து கிளம்பி, பக்கக்கூடத்தின் கூரையைத் தாண்டி, உயர்ந்த சுவரின் தோளில் போய் முட்டி நிற்கும் அரைவளைவு.

உள்ளே ஏறக்குறைய 33 மீட்டர் உயரத்தில் கல்லாலான வளைகூரை இருக்கிறது. அது தன் எடையைக் கீழே இறக்குவதோடு நிற்காமல் சுவரை வெளிப்பக்கம் தள்ளவும் செய்கிறது. அந்தத் தள்ளலை வாங்கி வெளித்தூணுக்குக் கடத்துவதுதான் இந்த வளைவின் வேலை. சுவரையே தடிமனாக எழுப்பியும் சமாளிக்கலாம். அப்புறம் அவ்வளவு பெரிய சன்னல்களுக்கு இடம் இருக்காது.

இந்தக் கட்டுமான முறை செழித்த பிரான்சில் இதன் பெயர் ‘ஆர்க் பூத்தான்’. முட்டித் தள்ளும் வளைவு என்று பொருள். பறப்பதற்கு அதில் வேலையே இல்லை. ஆகவே என் பரிந்துரை: முட்டுவளைவு.

‘தாங்குவளைவு’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நல்ல சொல்தான், ஆனால் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. 2019 ஏப்ரலில் நோத்ர தாம் தீப்பிடித்தபோது வளைகூரை சில இடங்களில் இடிந்து விழுந்தது. மிச்சமும் விழுந்திருந்தால், உள்ளிருந்து தள்ள எதுவும் இல்லாமல், வெளியே நிற்கும் வளைவுகளே சுவரை உள்பக்கம் சாய்த்திருக்கக்கூடும். அதனால் 28 வளைவுகளுக்கும் அடியில், அந்தந்த வளைவுக்கு அளவெடுத்துச் செய்த மரச்சட்டங்களைப் பொருத்தினார்கள். கொம்போடு கொம்பு முட்டி நிற்கும் இரண்டு கிடாக்களில் ஒன்று விலகினால் மற்றது முன்னே சரிகிற கதை. ‘தாங்கு’ என்பதில் இந்த எதிரெதிர் விசை வரவில்லை, ‘முட்டு’ என்பதில் வருகிறது.

சரி, ‘உதை’? உதைகால் என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கூரை தள்ளும் விசையையும் ‘உதைப்பு’ என்று எழுதுகிறோம். “உதைவளைவு உதைப்பை வாங்குகிறது” என்று பாடத்தில் வந்தால், எது விசை, எது கல் என்று மாணவி தடுமாறுவாள். முட்டுக்கட்டை நினைவுக்கு வருகிறது என்ற ஆட்சேபம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த பேச்சு.

இதிலேயே முட்டுச்சுவர், முட்டுத்தூண் என்று குடும்பமாகச் சொற்கள் அமைகின்றன. ஒன்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பல பேராலயங்களில் முட்டுத்தூணின் உச்சியில் கூரான சிறு கோபுரம் போல ஒன்று இருக்கும். அலங்காரம் போலத் தெரிந்தாலும், அதன் எடை தூணைக் கீழே அழுத்தி, பக்கவாட்டுத் தள்ளலில் தூண் சரியாமல் இருக்க உதவுகிறது. ‘சிகரம்’ என்றால் கோயில் சிகரத்தோடு குழம்பும். ‘எடைக்கூம்பு’ பொருந்துமா?