கோப்பு உலாவியும் படப்பதிவேடும்: ஒரு கலைச்சொல் விவாதம்

பொருள்: 'கோப்பு உலாவி' என்னும் சொல் இனியும் போதுமா?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளிப்படத் திருத்த மென்பொருள்களுக்குத் தமிழில் ஒரு வழிகாட்டி தொகுத்து வருகிறேன். பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாறுவோருக்கான பகுதியை எழுதும்போது ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். படங்களைத் திறப்பதற்கு முன், அவற்றைச் சிறுபடங்களாகப் பார்த்து, ஒப்பிட்டு, தரமிட்டு, வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைக் 'கோப்பு உலாவி' என்றே இதுவரை எழுதி வந்திருக்கிறோம். ஃபோட்டோஷாப்பின் 7ஆம் பதிப்பில், 2002இல், அந்த வசதி நிரலுக்குள்ளேயே ஒரு பலகமாக வந்தபோது அந்தப் பெயர் சரியாகப் பொருந்தியது. 2005இல் அதன் சிஎஸ்2 பதிப்பு வந்தபோது அந்தப் பலகம் எடுக்கப்பட்டு, அதன் வேலை பிரிட்ஜ் என்னும் தனி நிரலிடம் போனது. 2010இல் சிஎஸ்5 பதிப்போடு மினி பிரிட்ஜ் என்ற பெயரில் ஒரு சிறிய பலகம் மறுபடியும் உள்ளே வந்தது. இதற்கிடையே ஃபோட்டோஷாப்பின் எளிய வடிவமான எலிமென்ட்ஸின் விண்டோஸ் பதிப்பில் ஆர்கனைசர் என்னும் பட மேலாளரும், 2007இல் லைட்ரூம் என்னும் ஒளிப்பட மென்பொருளும் வேறொரு முறையைப் பழக்கப்படுத்திவிட்டன.

இத்தனைக்கும் 'கோப்பு உலாவி' என்றே எழுதினால், இணைய உலாவியைப் பற்றிப் பேசுவதாகச் சிலர் எண்ணுகிறார்கள். ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவாகப் 'படக்களஞ்சியம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். குழுமத்தாரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
வழிகாட்டித் தொகுப்பாளர்


மறுமொழி: 'கோப்பு உலாவி' என்னும் சொல் இனியும் போதுமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

வரலாற்றைச் சரியாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் முடிவில் உடன்பட இயலவில்லை. 'உலாவி' என்பது இணையத்தை நினைவூட்டுவது சிறிய இடர்ப்பாடு. முன்னால் 'கோப்பு' என்று வந்துவிட்டால் அது தீர்ந்துவிடும். பெரிய இடர்ப்பாடு, தன்மையால் வேறான இரண்டு கருவிகளை நாம் ஒரே சொல்லால் சுட்டுவதுதான். மேம்படுத்திய பின் பயனர்கள் தடுமாறுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பலகம் உள்ளே இருந்து வெளியே போனதற்கு ஒரு வாரத்தில் கை பழகிவிடும். கருவியின் தன்மை மாறியிருப்பதை யாரும் சொல்லாவிட்டால் அது பழகாது.

ஃபோட்டோஷாப் 7இன் பலகமும் இன்றைய பிரிட்ஜும் வட்டில் இருக்கும் கோப்புறையை நேராகப் படித்துக் காட்டுபவை. கோப்புறையில் ஒரு படத்தைப் போட்டால் அது அங்கே தெரியும், எடுத்தால் மறையும். அவற்றில் தெரியும் படத்தை அழித்தால் கோப்பே குப்பைத்தொட்டிக்குப் போகும். லைட்ரூமும் ஆர்கனைசரும் அப்படிப்பட்டவை அல்ல. அவை ஒரு தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு, எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதற்கு என்ன தரம், என்ன குறிச்சொல், என்னென்ன திருத்தம் என்று எழுதி வைத்துக்கொள்கின்றன. அதில் எழுதப்படாத படம், அதே கோப்புறையில் கண்முன்னே இருந்தாலும், அங்கே தெரியாது. எழுதப்பட்ட படத்தை வேறு வழியாக இடம் மாற்றிவிட்டால், சிறுபடம் தெரியும், ஆனால் கோப்பைக் காணவில்லை என்று நிரல் முறையிடும். 'புதிய பதிப்பு என் படங்களைத் தொலைத்துவிட்டது' என்று வருந்துவோரின் படங்கள் பெரும்பாலும் வட்டிலேயே பத்திரமாக இருக்கின்றன.

இந்த நிலையில் 'களஞ்சியம்' என்ற சொல் உதவாது என்பதோடு தீங்கும் செய்யும் என்பது என் உறுதியான கருத்து. களஞ்சியம் என்றால் பொருள் உள்ளே இருக்கிறது என்று பொருள். படங்கள் லைட்ரூமுக்குள் இருப்பதாக நம்பி, இடம் போதவில்லை என்று மூலக் கோப்புறையை அழித்துவிடுபவர் இழப்பது தம் படங்களையே. 'பேழை', 'பெட்டகம்' போன்ற சொற்களையும் இதே காரணத்தால் விலக்க வேண்டும். 'படத்தொகுப்பு' என்று யாரேனும் சொல்லக்கூடும். திரைத்துறையில் அது படத்தை வெட்டி ஒட்டும் பணிக்கே வழங்குவதால், திருத்த மென்பொருளைப் பற்றிய நூலில் வீண் குழப்பத்தையே தரும். 'பட்டியல்' என்பதைப் பார்வை முறைகளில் ஒன்றுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

எனவே கோப்புறையை நேராகக் காட்டுவதைக் 'கோப்பு உலாவி' என்றே வைத்துக்கொண்டு, தரவுத்தளம் கொண்டதற்குப் 'படப்பதிவேடு' என்ற சொல்லை ஆளலாம் என்று பரிந்துரைக்கிறேன். வருகைப் பதிவேட்டில் மாணவரின் பெயர்தான் இருக்கிறது, மாணவர் வகுப்பறையில் இருக்கிறார். இதைத் தமிழ் படித்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வழிகாட்டி பத்து வரிகளில் சொல்ல வேண்டியதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இதன் தொடர்ச்சியாக 'இறக்குமதி' என்ற சொல்லையும் மாற்றியாக வேண்டும். படத்தைப் பதிவேட்டில் எழுதும் செயலுக்கு இன்று அந்தச் சொல்லையே இடுகிறோம். ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து வந்து இன்னோரிடத்தில் இறங்குகிறது என்ற எண்ணத்தை அது தருகிறது. இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டுக் குறித்துக்கொள்ளும் முறையில் எதுவும் எங்கும் இறங்குவதில்லை. 'பதிவேட்டில் சேர்' என்பது என் முன்மொழிவு.

தரமிடுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிஎஸ்2இலிருந்து ஒன்று முதல் ஐந்து வரை விண்மீன் இடும் முறை நிலைபெற்றது. பிரிட்ஜ் அதை எக்ஸ்எம்பி என்னும் மீத்தரவாக, அதாவது படத்தைப் பற்றிய குறிப்பாக, எழுதுகிறது. ஜேபெக் போன்ற கோப்புகளில் உள்ளேயும், கேமராவின் ரா (பதப்படுத்தாத மூலத் தரவு) கோப்புகள் பெரும்பாலானவற்றுக்கு அதே பெயர் கொண்ட துணைக்கோப்பிலும் அது இருக்கும். கோப்புறைகளைப் பதிப்பு மாற்றத்தின்போது நகர்த்துவோர் இந்தத் துணைக்கோப்புகளைத் தேவையற்றவை என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. டார்க்டேபிள் என்னும் ஒளிப்பட மென்பொருள் தரவுத்தளம், துணைக்கோப்பு இரண்டையும் வைத்துக்கொள்வதால் அதில் இழப்பு குறைவு. 'துணைக்கோப்பு' என்ற சொல் நன்றாகவே இருக்கிறது. 'பக்கக்கோப்பு' என்று சிலர் எழுதுவதில் அது எதற்குத் துணை என்பது தெரிவதில்லை.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருவர்


மறுமொழி: மறுமொழி: 'கோப்பு உலாவி' என்னும் சொல் இனியும் போதுமா?

இருவருக்கும் வணக்கம்.

'படப்பதிவேடு' எனக்கு முழு உடன்பாடு. விண்டோஸின் அமைப்புகள் பதியப்படும் இடத்தைப் 'பதிவகம்' என்று எழுதுவதால் மோதலும் இல்லை. ஐயாவின் களஞ்சியத்தை விலக்குவதில் வருத்தம் உண்டு, நல்ல சொல்தான். படங்கள் உண்மையிலேயே சேவையகத்தில் போய்த் தங்கும் மேகச் சேமிப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

'பதிவேட்டில் சேர்' என்பதில்தான் தயக்கம். லைட்ரூமின் அந்தச் சாளரத்தில் நான்கு வழிகள் உள்ளன: டிஎன்ஜி என்னும் ரா கோப்பு வடிவில் நகலெடுத்தல், அப்படியே நகலெடுத்தல், இடம் மாற்றுதல், இருந்த இடத்திலேயே விட்டுச் சேர்த்தல். நான்காவது வழியின் பெயரையே முழுச் செயலுக்கும் வைத்தால், வெளிவட்டிலிருந்து நகலெடுக்க வேண்டியவர் 'சேர்' என்பதை அழுத்திவிட்டு, அந்த வட்டை அழித்துவிடக்கூடும். நான்கையும் அடக்கும் சொல் வேண்டும். கணக்கு எழுதுவோர் வாயில் நெடுங்காலமாக இருக்கும் 'வரவு வைத்தல்' இதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நகலாக வந்தாலும், இடம் மாறி வந்தாலும், இருந்த இடத்திலேயே இருந்தாலும், ஏட்டில் ஏறினால் அது வரவு. கடைசியாகச் சேர்த்த படங்களை 'முந்தைய வரவு' என்று இயல்பாகச் சொல்லவும் முடிகிறது.

படத்தை விலக்கும்போது வரும் கேள்விக்கும் இரண்டு வினைகளைப் பிரித்து வைக்க வேண்டும். ஏட்டிலிருந்து மட்டும் எடுப்பதற்கு 'நீக்கு', வட்டிலிருந்தே போக்குவதற்கு 'அழி'. இப்போது வரும் மொழிபெயர்ப்புகளில் இவ்விரண்டும் மாறிமாறி வருவதைக் காண்கிறேன். வேறு எந்தச் சொல்லில் தளர்ந்தாலும் இதில் தளரக் கூடாது.

திறப்பதற்கான சிறு சாளரத்தை இந்த விவாதத்தில் சேர்க்க வேண்டாம். கிம்ப் என்னும் படத் திருத்த மென்பொருளின் 2025இல் வந்த 3.0 பதிப்பு, சாளரங்களை அமைக்கும் ஜிடிகே3 என்னும் கருவித்தொகுதிக்கு மாறியது. அதன் திறப்புச் சாளரத்தில் எழுத்துகளைத் தட்டினால் கோப்புத் தேடல் தொடங்கிவிடுவது பழைய பயனர்கள் சிலருக்குப் புதிதாக இருக்கிறது. ஆனால் அது 'கோப்புத் தெரிவி'. ஒரு கோப்பைத் தெரிந்து கொடுத்துவிட்டு மூடிக்கொள்ளும்.

ஒரு சொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. பதிவேட்டையும் கோப்புறையையும் ஒப்பிட்டு, புதியவற்றை வரவு வைத்து, காணாமல் போனவற்றை நீக்கச் சொல்லும் கட்டளைக்கு 'ஒத்திசை' என்று எழுதியிருக்கிறார்கள். கைப்பேசியிலும் மேகத்திலும் அந்தச் சொல் கோப்புகளையே இரு பக்கமும் அனுப்புவதைக் குறிப்பதால், இங்கே 'சரிபார்த்துப் புதுப்பி' என்று வைக்கலாமா? ஐயா தம் வழிகாட்டியில் அந்தப் பகுதியை முடிப்பதற்குள் இதையும் தீர்த்துவிட்டால் நன்று.

நன்றியுடன்,
மற்றோர் உறுப்பினர்