புதுப்பிப்பு: வேறு சுருதியில் கட்டிய கிட்டாருக்கு மியூஸ்ஸ்கோரில் டேப் எழுதுவது – வழி கிடைத்துவிட்டது

வள்ளி கும்மி மெட்டு ஒன்றை டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதியில் (ஆறு தந்திகளும் கீழிருந்து மேலாக இந்த ஸ்வரங்களில்) வாசித்து, மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் டேப் (எந்தத் தந்தியில் எந்தக் கட்டத்தில் விரல் வைப்பது என்று எண்ணால் காட்டும் குறிப்பு) எழுதப் பார்த்தேன், எண்கள் எல்லாம் வழக்கமான சுருதிக்கே விழுகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றிங்க.

பலித்தது ஈரோட்டு அண்ணா சொன்ன வழி. மியூஸ்ஸ்கோர் 4.2 முதல் கிட்டார் பேலட்டில் (குறியீடுகள் அடுக்கியிருக்கும் பட்டியலில்) தந்திச் சுருதிக்கென்றே ஒரு குறியீடு உண்டு. பாட்டின் முதல் அளவை (மெஷர்) தேர்ந்து அதைச் சொடுக்கி, ஆறாம் தந்தியை டி, இரண்டாவதை ஏ, முதலாவதை டி என மாற்றினேன். டி-யை சட்ஜமாக வைத்தால் கீழிருந்து ச-ப-ச-ம-ப-ச. கும்மிக்குச் சுருதி தானாகவே கூடிவருகிறது.

எதிர்பாராதது ஒன்று: ஏற்கெனவே எழுதியிருந்த எண்கள் மாறிவிட்டன. மென்பொருள் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணைத் திருத்துகிறது. முதல் தந்தியில் 0 இருந்த இடத்தில் 2, ஆறாவதில் 3 இருந்த இடத்தில் 5. விரல் வைக்கும் இடத்தைப் பார்த்து எண் போடுகிறவர்கள் சுருதியை முதலில் மாற்றிவிடுங்கள், அப்புறம் எழுதுங்கள். ஸ்வரமாக எழுதுகிறவர்களுக்கு இது வரம்தான்.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் ஸ்டாஃபின் (குறிப்பு எழுதும் கோடுகளின்) மேல் வலச் சொடுக்கு செய்து, ஸ்டாஃப் பண்புகளில் தந்தி விவரத்தைத் திருத்தலாம்.