பேச்சியம்மாள் வகையறா குழு: இசக்கிக்கு முதுகுல அடி

புதன்

காலை 6:12
பாலா: எல்லாரும் பாருங்க. நேத்து ராத்திரி அண்ணன் லோக்கல் ரயில்ல இருந்து விழுந்துட்டான். காட்கோபர் தாண்டி, வித்யாவிஹார் வர்றதுக்குள்ள. உயிருக்கு ஆபத்து இல்லன்னு சொல்லிட்டாங்க. முதுகுல அடி. என் போன்ல சார்ஜ் இல்ல, ராத்திரி யாருக்கும் சொல்ல முடியல.

மல்லிகா: ஐயோ என் ராசா

குமார்: என்னல சொல்லுத

குமார்: செல்வி எங்க

பாலா: அம்மா இங்கதான் வார்டு வாசல்ல உக்காந்திருக்கா. மகேஸ் மதினி உள்ள.

காலை 6:20
அருணாசலம்: அனைவருக்கும் காலை வணக்கம். சுடலை கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி 2500. பம்பாய்க்காரங்க இன்னும் 9 வீடு பாக்கி.

விக்னேஷ்: சித்தப்பா மேல படிங்க

அருணாசலம்: பாத்தேன் பாத்தேன். மன்னிக்கணும். சுடலை பாத்துக்கிடுவாரு.

காலை 6:41
தங்கராஜ்: பாலா, நிதானமாப் படி. நான் 31 வருஷம் பார்சல் ஆபீஸ்ல இருந்தவன். அவன் போட்டிருந்த சட்டை, பேண்ட், பர்ஸ் எதையும் யாரும் துவைக்கக் கூடாது, தூக்கிப் போடக் கூடாது. சீசன் பாஸ் எதுல இருக்குன்னு முதல்ல பாரு. அதை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து இந்தக் குழுவுல போடு. ரயில்ல இருந்து தவறி விழுந்தா ரயில்வே சட்டம் 1989, 124ஏ பிரிவு. யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டியதில்ல, நஷ்டஈடு உண்டு. ஆனா தண்டவாளத்தைக் குறுக்க தாண்டும்போது அடிபட்டான்னு எவனாவது எழுதிட்டா இந்தப் பிரிவுக்குள்ள வராது. ஸ்டேஷன் மாஸ்டர் மெமோ, ஜிஆர்பி (ரயில்வே போலீஸ்) இடத்தைப் பாத்து எழுதுற பஞ்சநாமா, ஆஸ்பத்திரி கேஸ் பேப்பர், மூணுலயும் என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கே பாக்கணும். நாளைக்குன்னா லேட்.

மல்லிகா: அண்ணாச்சி புள்ள எப்படி இருக்கான்னு முதல்ல கேளுங்க

தங்கராஜ்: கேக்காமலா இருப்பேன்

காலை 6:58
ஜெயந்தி: நைட் டூட்டி முடிஞ்சு இப்பதான் பாத்தேன். பாலா, கால் அசைக்கிறானா? மூத்திரம் தானா போறானா?

பாலா: வலது கால் விரல் அசையுது மதினி. இடது காலு கொஞ்சம்தான். டியூப் போட்டிருக்காங்க.

ஜெயந்தி: எம்ஆர்ஐ எடுத்தாச்சா

பாலா: எடுத்தாச்சு. எல் 1னு சொன்னாங்க, இடுப்பு முதுகெலும்புல முதல் எலும்பாம். எலும்பு நொறுங்கி ஒரு துண்டு பின்னாடி தள்ளியிருக்காம். நாளைக்கு ஆபரேஷன்.

ஜெயந்தி: சரி. விரல் அசையுறது ரொம்ப நல்ல விஷயம், அத்தைகிட்ட சொல்லு. தண்டுவடம் எல் 1, எல் 2 பக்கத்துலதான் முடியுது, அதுக்குக் கீழ நரம்புக் கொத்துதான். அந்தத் துண்டு அங்க அமுக்குது. மேல எலும்புலயும் கீழ எலும்புலயும் ஸ்க்ரூ போட்டு கம்பி வச்சு நிமித்துவாங்க. அதுவரைக்கும் அவனை யாரும் உக்கார வைக்கக் கூடாது. டீ குடிக்கணும்னாக்கூட வேண்டாம். திருப்பணும்னா கட்டையை உருட்டுற மாதிரி தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒண்ணாத் திரும்பணும். மூணு பேர் வேணும். தனியா முயற்சி பண்ணாதீங்க.

ஜெயந்தி: தண்டவாளத்துல இருந்து எப்படித் தூக்கினாங்க?

பாலா: கூட வந்த பையன் சொன்னான், ரெண்டு பேர் கையையும் காலையும் புடிச்சுத் தூக்க வந்தாங்களாம். இவன்தான் வேண்டாம்னு கத்தி, ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும் தலையைப் புடிச்சுக்கிட்டே இருந்தானாம்.

ஜெயந்தி: அந்தப் பையன் நல்லாருக்கணும்

தங்கராஜ்: அந்தப் பையன் பேரு, நம்பர் வாங்கு. எனக்குத் தனியா அனுப்பு, இங்க போடாத. அவன்தான் சாட்சி.

காலை 7:30
மல்லிகா: எங்க ஊர்ப் பக்கம் கட்டு வைத்தியர் இருக்காரு. முட்டை கட்டு போட்டா நாப்பத்தஞ்சு நாள்ல எந்திரிப்பாவ. கத்தி வைக்காம கூட்டிட்டு வந்துருங்க

ஜெயந்தி: சித்தி, வேண்டாம். கை எலும்பு இல்ல இது. ரெண்டு நாள் ரயில்ல குலுங்கி வந்தா இப்ப அசையுற விரலும் நின்னுரும். அந்தப் பேச்சை அத்தை காதுல போடாதீங்க.

மல்லிகா: நல்லதுக்குத்தானே சொன்னேன்

குமார்: விடு மல்லிகா

காலை 8:05
விக்னேஷ்: பெரியப்பா, எனக்கு ஒரு ஃபார்வர்ட் வந்திருக்கு. விபத்துன்னா 1.5 லட்சம் வரை கேஷ்லெஸ் சிகிச்சை, 7 நாளுக்கு. அப்புறம் சம்பளத்தை வயசுக்கு ஏத்த மாதிரி 16-ஆல பெருக்கி நஷ்டஈடு. அத்தானுக்கு 34 வயசு, மாசம் 22,000. பெரிய தொகை வரும் போல?

தங்கராஜ்: தம்பி, அது ரோடு. இது ரயில். கலக்காத. 1.5 லட்சம் திட்டம் 2025 மே மாசம் வந்தது, மோட்டார் வண்டி விபத்துக்குத்தான். பெருக்கல் கணக்கும் மோட்டார் விபத்து டிரிபியூனல்ல (தீர்ப்பாயம்). அங்க 31-ல இருந்து 35 வயசு வரைக்கும் 16, நீ சொன்னது சரிதான். முதுகு போனவன் அதே வேலையைச் செய்ய முடியுமான்னு பாத்து வருமான நஷ்டத்தைக் கணக்குப் போடுவாங்க. சர்டிபிகேட்ல 30 சதவீதம்னு இருந்தாலும் சட்டி தூக்குறவனுக்கு அது முழு நஷ்டமாக்கூட இருக்கலாம், 2010-ல சுப்ரீம் கோர்ட் சொன்னது அது. ரயில்வே டிரிபியூனல்ல சம்பளமே கேக்க மாட்டாங்க. எந்தக் காயத்துக்கு எவ்வளவுன்னு அட்டவணை. அதிகபட்சம் 8 லட்சம், 2017 ஜனவரி முதல். முதுகெலும்பு முறிவும் அட்டவணையில உண்டு. கால் விளங்காம போனா ஒரு தொகை, இல்லாட்டி வேற தொகை.

விக்னேஷ்: அப்ப ரோட்டுல விழுந்தவனுக்கு அதிகமா?

தங்கராஜ்: சம்பாதிக்கிறவனா இருந்தா அதிகம் வரும். அது நியாயம்னு நானும் சொல்ல மாட்டேன். லாரி இடிச்சு நம்பர் தெரியாம ஓடிட்டா பலத்த காயத்துக்கு 50,000தான், அதையும் பாரு.

விக்னேஷ்: கதவுல தொங்கினான்னா அவன் தப்புன்னு சொல்லுவாங்கல்ல

தங்கராஜ்: சொல்லுவாங்க. எடுபடாது. 2018-ல ரீனா தேவி வழக்குல தீர்ப்பு ஆயிருக்கு. கவனக்குறைவு வேற, வேணும்னே தனக்குத்தானே காயம் பண்றது வேற. சாயங்காலம் ஏழு மணிக்கு தானே ஸ்டேஷன்ல இருந்து வர்ற லோக்கல்ல உள்ள போக இடம் எங்க இருக்கு? 2025 ஜூன்ல மும்ப்ரா பக்கம் விழுந்தாங்களே, அவங்க எல்லாம் விளையாட்டுக்கா நின்னாங்க?

காலை 9:14
பாலா: மாமா, கேஸ் பேப்பர் பாத்தேன். லைன் ஓரமாக் கிடந்தார்னு எழுதியிருக்கு. விழுந்தார்னு இல்ல.

தங்கராஜ்: இதைத்தான் பயந்தேன். சண்டை போடாத. அண்ணன் தெளிவா இருக்கும்போது போலீஸ்கிட்ட அவன் வாயால வாக்குமூலம் கொடுக்கட்டும். எங்க ஏறினான், எந்தக் கதவு, எப்படி விழுந்தான். டாக்டர்கிட்டயும் அதையே சொல்லி பேப்பர்ல ஏத்தச் சொல்லு. கூட இருந்த பையனும் சொல்லணும்.

பாலா: இன்னொண்ணு. ராத்திரி வார்டு வாசல்ல ஒருத்தன் வந்தான். வக்கீல் ஆளாம். முன்பணம் வேண்டாம், வர்றதுல நூத்துக்கு முப்பது, வெள்ளைப் பேப்பர்ல ஒரு கையெழுத்து மட்டும் போதும்னான். பாஸையும் கேட்டான்.

தங்கராஜ்: கொடுத்தியா?????

பாலா: இல்ல. அம்மா விரட்டிட்டா.

தங்கராஜ்: வழக்கு ஜெயிச்சா இத்தனை பங்குன்னு வக்கீல் பேசறதே பார் கவுன்சில் விதிக்கு விரோதம். சட்ட உதவி ஆணையம் இருக்கு. பொம்பளைங்களுக்கும் ஊனமானவங்களுக்கும் வருமானம் பாக்காம இலவச வக்கீல். ஒரு வருஷத்துக்குள்ள மனு போடணும். ஒரு வருஷம்.

காலை 9:40
செல்வி: ஒரு வருசம் ஒரு வருசம்னு இப்ப சொல்லுதியே அண்ணே. பெரியண்ணன் விழுந்தப்ப எங்க போச்சு இந்த வாயி

குமார்: செல்வி

செல்வி: நான் பேசுவேன். 96-ல இருந்து அந்தச் சட்டைய நான் கிழிச்சுக் குப்பையில போட்டேன்னுதான் இந்தக் குடும்பத்துல பேச்சு. ரத்தமா இருந்துச்சு, போட்டேன். உள்ள பாஸ் இருந்தது எனக்கு என்ன தெரியும். எனக்குப் படிப்பு இல்ல. உனக்கு இருந்துச்சுல்ல. ரயில்வேலயே இருந்தியே. ஒரு பேப்பர் எழுதலையே

விக்னேஷ்: அத்தை இப்ப வேண்டாம்

செல்வி: இப்ப சொல்லாம எப்ப சொல்ல

காலை 10:22
தங்கராஜ்: செல்வி, நீ சொல்லுறது உண்மை. அப்ப எனக்கு வேலை நிரந்தரமாகி ரெண்டு வருஷம். ரயில்வே மேல அண்ணனுக்காகக் கேஸ் எழுதினா என் வேலைக்கு என்ன ஆகுமோன்னு பயந்தேன். பாஸ் போச்சு, அதனால முடியாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒரு வருஷம் அப்படியே ஓடிப் போச்சு. அப்ப 2 லட்சம். அண்ணனுக்கு நல்ல மெத்தையாவது வாங்கியிருக்கலாம். குற்றம் உன் சட்டையில இல்ல, என்கிட்ட.

மல்லிகா: 🙏

ஜெயந்தி: சித்தப்பா, அத்தை, ரெண்டு பேரும் கேளுங்க. அப்பா 11 வருஷம் கட்டில்ல கிடந்தார். அவரைக் கொண்டுபோனது முதுகு இல்ல, வால் எலும்புல வந்த புண். ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் போடணும்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது, எனக்கு பத்து வயசு. அதனாலதான் நான் நர்ஸ் ஆனேன். இசக்கிக்கு அது வராது, நான் பாத்துக்கிறேன். மதியம் யார் வர்றீங்க, அதைச் சொல்லுங்க.

காலை 10:25
தங்கராஜ்: கல்யாண்ல இருந்து 11:10 வண்டியில வாரேன். ஜிஆர்பிக்கு நான் போறேன் பாலா, நீ ஆஸ்பத்திரியில இரு.

அருணாசலம்: ரத்தம் வேணும்னா நம்ம தாராவி 90 அடி ரோடு பசங்க இருக்காங்க. என்ன குரூப்?

பாலா: ஓ பாசிட்டிவ். 2 யூனிட்.

அருணாசலம்: நாலு பேர் கிளம்பியாச்சு

மதியம் 1:37
மகேஸ்: மாமா, நாளைக்கு வீட்டுக்கு தாராவி மறுசீரமைப்பு சர்வேக்காரங்க வர்றாங்களாம். அவர் பேர்லதான் கரண்ட் பில்லு. நேர்ல இல்லாட்டி பேரை விட்டுருவாங்களா?

குமார்: இது வேறயா

அருணாசலம்: பில்லு, ஆதாரு, ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாம் ஒரு ஜெராக்ஸ் எடுத்து எங்கிட்ட கொடும்மா. நான் நிக்கிறேன். ஆனா அவன் கையெழுத்து கேட்டா என்ன பண்றது தெரியல.

விக்னேஷ்: பெருவிரல் ரேகை?

தங்கராஜ்: எந்தப் பேப்பர்லயும் ரேகை வைக்காதீங்க. நான் வந்து பேசுறேன்.

மதியம் 3:02
பாலா: பாஸ் கிடைச்சது.

பாலா: (படம்)

பாலா: (படம்)

பாலா: அவசர வார்டுல சட்டையைக் கத்திரிக்கோலால வெட்டியிருக்காங்க. அம்மா அந்தத் துணியைப் பூரா பைக்குள்ள போட்டு ராத்திரி முழுக்க மடியிலயே வச்சிருந்திருக்கா. யாரையும் தொட விடல. ரத்தம் பட்டு தேதி பாதி மறைஞ்சிருக்கு, ஆனா சயான் – தானே தெளிவாத் தெரியுது.

தங்கராஜ்: செல்வி

தங்கராஜ்: பாஸ் இல்லாட்டியும் இப்பல்லாம் பிரமாணப் பத்திரம் கொடுத்து ஆரம்பிக்கலாம். ஆனா இது இருக்குறது பெரிய பலம் தாயி.

செல்வி: ம்

வியாழன்

காலை 11:50
ஜெயந்தி: ஆபரேஷன் முடிஞ்சது. நாலரை மணி நேரம். டாக்டர் நல்லா நடந்துச்சுன்னாரு. கால் எவ்வளவு தூரம் திரும்ப வரும்னு இப்ப சொல்ல முடியாது, வாரங்கள் ஆகும். தைரியமா இருங்க. அப்புறம் பெல்ட் போட்டு உக்கார வைப்பாங்க. பயிற்சிக்கு ஹாஜி அலியில இருக்குற மறுவாழ்வு நிறுவனத்துல விசாரிக்கணும், 1955-ல இருந்து இதுக்குன்னே இருக்கு. யாராவது போவீங்களா?

குமார்: நான் சனிக்கிழமை வண்டி ஏறுறேன். டிக்கெட் வெயிட்டிங் 43.

விக்னேஷ்: அப்பா நான் தட்கல் பாக்கேன்

மல்லிகா: கொடைக்கு முன்னாடி ஊருக்குத் திரும்பிருவீங்கள்ல

குமார்: அதை அப்புறம் பேசலாம்

மாலை 5:15
தங்கராஜ்: ஜிஆர்பி போனேன். மெமோவுல விழுந்ததுன்னுதான் இருக்கு. நகல் கேட்டு எழுதிக் கொடுத்துட்டேன், திங்கள்கிழமை வரச் சொன்னாங்க. சாட்சிப் பையன் வர்றேன்னான், அவன் முதலாளி லீவு தருவாரான்னு தெரியல. வக்கீல் விஷயம் குமார் வந்ததும் உக்காந்து பேசுவோம்.

மகேஸ்: ஹாஜி அலிக்கு யாரு மாமா?

தங்கராஜ்: பாப்போம்மா

வியாழன் நள்ளிரவு தாண்டி 2:04
செல்வி: திருப்பிப் போட்டாச்சு தாயி. மூணு பேரு சேந்துதான். அடுத்து 4 மணி

ஜெயந்தி: டியூப் மடங்காம இருக்கா பாருங்க அத்தை

செல்வி: பாத்துட்டேன். மடங்கல