11 வயது நாய், காப்பகத்தில் ஒடுங்கிப்போகிறது. வேலூர் பக்கம் வீடு கிடைக்க வழி உண்டா?

கூண்டுக்காரன்:

வணக்கம். வேலூரில் ஒரு நாய்க் காப்பகத்துக்கு இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் போகிறேன். கூண்டு கழுவுவேன், மருந்து போடும்போது பிடித்துக்கொள்வேன், நடக்கிற தெம்பு உள்ளதுகளைச் சங்கிலி போட்டு ஒரு சுற்று கூட்டிப்போய் வருவேன், அவ்வளவுதான். பெரிய விவரம் தெரிந்த ஆள் இல்லை. ஆனால் மணி விஷயத்தில் தூக்கம் போகிறது.

மணி நாட்டு நாய், செவலை, ஆண், கருத்தடை ஆனது, வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறது. சத்துவாச்சாரியில் ஒரு பெரியவரிடம் குட்டியிலிருந்து வளர்ந்தவன். தை மாதம் அவர் தவறிவிட்டார். பிள்ளைகள் இருவருமே வெளியூர். வீட்டைப் பூட்டி விலைக்குப் போட்டுவிட்டு இவனைக் காரில் கொண்டுவந்து விட்டார்கள். கேட்டில் வாங்கினது நான்தான். "ரொம்ப சாதுங்க, தயிர் சோறு போட்டா போதும்" என்று சொல்லி, அவன் படுத்துக்கொண்டிருந்த சாக்கையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ராத்திரியில் கேட்டில் கட்டிப்போட்டுவிட்டு ஓடுகிறவர்களையும் பார்க்கிறேன், இவர்கள் முகத்தையாவது காட்டினார்கள்.

இப்போது ஆடி. வரும்போது 22 கிலோ இருந்தான், போன வாரம் 17. பகல் முழுக்கக் கூண்டின் பின்சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறான். சோறு வைத்தால் ஆட்கள் எல்லாம் நகர்ந்த பிறகுதான் எழுந்து இரண்டு வாய் தின்கிறான். முன்னங்கால் ஒன்றை நக்கி நக்கி முடி கொட்டிப் புண்ணாகிவிட்டது. மற்ற நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைக்கும்போது இவன் மட்டும் மூச்சிரைத்துக்கொண்டு கொட்டாவி கொட்டாவியாக விடுவான், தூக்கக் கலக்கம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன், அப்புறம்தான் தெரிந்தது அது பயத்தில் வருகிற கொட்டாவி என்று. மாசியில் மயானக் கொள்ளை அன்று பாலாற்றுப் பக்கமிருந்து மேளமும் வெடியும் கேட்டதில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டவனை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. மேலே தகரக் கூரை வேறு. கத்திரியில் அது எப்படி இருந்திருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தத்துக்கு மூன்று முறை போட்டோ போட்டோம், "பாவம் மணி, எஜமானை இழந்து வாடுகிறான்" என்று. அழுகை முகம் நூறு வந்தது. போன் ஒன்றே ஒன்றுதான், காட்பாடியிலிருந்து ஒரு குடும்பம். கூட்டிப்போய் நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லையாம், கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்ததற்குப் பையனைப் பார்த்து உறுமினானாம். இப்போது அவன் அட்டையில் 'கடிக்கும் சுபாவம்' என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் இருப்பது மாடி போர்ஷன், வாடகை. வீட்டுக்காரர் நாய் என்ற சொல்லை முடிக்கவே விடவில்லை. வருகிறவர்கள் எல்லாம் குட்டிகளிடம்தான் போகிறார்கள். வயதை ஆறு என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

பாலாறு2:

ப்ரோ, விஐடி பசங்களிடம் கேட்டுப் பாருங்கள். நாலைந்து பேர் சேர்ந்து வெளியே வீடு எடுத்துத் தங்குகிறார்கள், நாய் என்றால் உயிரை விடுவார்கள். என் ரூமில்கூட இரண்டு பேர் தயார்.

அரியூர் அக்கா:

பாலாறு தம்பி, நல்ல மனசுதான், ஆனால் மே மாதம் லீவுக்கு ஊருக்குப் போகும்போது நாயை எங்கே விடுவீர்கள்? படிப்பு முடிந்தால்? நான் வளர்த்ததில் இரண்டு நாய்கள் அப்படிப் பசங்க வீட்டிலிருந்து வந்தவைதான். ஞாயிற்றுக்கிழமை வந்து நடத்திக்கொண்டு போங்கள், அதுவே பெரிய உபகாரம்.

கூண்டுக்காரன் தம்பி, வயதைக் குறைக்காதீர்கள். ஆறு என்று கூட்டிப்போனவர்களிடம் டாக்டர் பல்லைப் பார்த்து வயது அதைவிட அதிகம் என்று சொன்ன அன்றைக்கே திரும்பி வந்துவிடுவான். இன்னொரு முறை திரும்பி வந்தால் அவன் தாங்க மாட்டான்.

முதலில் டாக்டர். ஐந்து கிலோ வெறும் ஏக்கத்தில் குறைந்தது என்று நான் நம்ப மாட்டேன். ரத்தம் எடுத்து கிட்னி, லிவர், தட்டணு (பிளேட்லெட்) எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கத்தில் சர்வ சாதாரணம், அதில் நாய் இப்படித்தான் சோறு இறங்காமல் சுருண்டு படுக்கும், எல்லோரும் சோகம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். வாயைத் திறந்து பல்லைப் பார்க்கட்டும். இடுப்பு மூட்டு, கழுத்து இரண்டையும் அமுக்கிப் பார்க்கட்டும். கிழட்டு நாயின் கழுத்தைப் பிடித்து இழுத்தால் வலிக்கும், வலித்தால் உறுமும். உறுமல் என்பது கடிக்காமல் இருக்க நாய் செய்கிற முயற்சி, "வேண்டாம்" என்று வாயால் சொல்கிறது. கடித்தானா? இல்லை. அப்படியானால் டாக்டர் பார்த்து முடித்ததும் முதல் வேலையாக அந்த அட்டையை மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, வலி என்று தெரிந்ததும் நம் வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலைப் புண்ணாக்கி ஆளையே கொன்றுவிடும்.

அடுத்து, கூண்டில் இருக்கிற மணியை வைத்து மணி யார் என்று முடிவு செய்யாதீர்கள். யாராவது ஒருவர் வீட்டில் இரண்டு மூன்று இரவு தங்க வையுங்கள், தத்து என்று இல்லை, சும்மா. அமெரிக்காவில் 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் காப்பக நாய்களை ஓரிரு இரவு வீட்டில் தூங்க வைத்துப் பார்த்தார்கள், மனஅழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல் வீட்டில் இருந்த நாட்களில் இறங்கியது, திரும்பிப் போனதும் பழைய அளவுக்கு வந்தது, அதைத் தாண்டி ஏறவில்லை. "ஆசை காட்டி மோசம் செய்த மாதிரி ஆகாதா" என்று எங்களிடமும் கேட்பார்கள், அதற்காகச் சொல்கிறேன். அந்த இரண்டு நாளில் அவன் ராத்திரி தூங்குகிறானா, ஒன்றுக்கு வெளியே போகிறானா, மிக்சி சத்தத்துக்கு என்ன செய்கிறான், பூனையைப் பார்த்தால் என்ன செய்கிறான் என்று எழுதி வையுங்கள். விளம்பரத்தில் போட வேண்டியது அதுதான். பாவம் என்று எழுதினால் படிக்கிறவர்கள் பாவப்பட்டுவிட்டுப் போய்விடுவார்கள். "தனியாக விட்டால் நாலு மணி நேரம் சத்தமில்லாமல் இருப்பான், செருப்பைக் கடிக்க மாட்டான், மாடிப்படி ஏற முடியாது, சின்னக் குழந்தை உள்ள வீடு வேண்டாம்" என்று எழுதுங்கள். படிக்கிறவர் தன் வீட்டை மனசுக்குள் பார்க்க வேண்டும்.

நாலு நாளில் திருப்பிக் கொடுத்தவர்கள் மேலும் முழுத் தப்பு இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மூன்று நாள் பயம், மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் சொந்தம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், தோராயம்தான், கிழடுகள் அதைவிட மெதுவாகவும் வரும். எங்கள் வீட்டுக்கு 12 வயது பொமரேனியன் ஒன்று வந்தபோது தையல் மெஷினுக்கு அடியில் ஒன்பது நாள் இருந்தது. நான் கூப்பிடவே இல்லை. தட்டைக் கீழே வைத்து, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுவேன், அவ்வளவுதான். பத்தாம் நாள் என் முந்தானை மேல் படுத்திருந்தது. எழுந்திருக்க முடியாமல் அடுப்பில் பால் பொங்கிப் போனது தனிக் கதை.

நேர்பேச்சு:

இவ்வளவு எதற்கு? அவன் வளர்ந்த தெருவிலேயே கொண்டுபோய் விடுங்கள். அந்த இடம் அவனுக்குத் தெரியும். தெருவில் எத்தனை நாய் வாழவில்லை?

சட்டம்கொஞ்சம்:

வீட்டு நாயைத் தெருவில் விடுவது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில் வருகிற குற்றம். அதை விடுங்கள், நடைமுறை பேசுவோம். அவன் தெரு நாய் இல்லை, கேட்டுக்குள் வளர்ந்தவன். ஆறு மாதத்தில் அந்தத் தெருவை வேறு நாய்கள் பங்கு போட்டிருக்கும். பூட்டின கேட் முன்னால் உட்கார்ந்துகொண்டு இருப்பான், ஒரு வாரத்தில் கடித்துக் குதறிவிடும். நேராகப் பேசுகிறேன் என்று எதையும் எழுதலாமா?

அரியூர் அக்கா:

சண்டை வேண்டாம். நேர்பேச்சு சொன்னது தப்புதான், ஆனால் அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது, எனக்கே தோன்றாமல் போனது. 11 வருடம் ஒரு தெருவில் இருந்தவனை அந்தப் பெரியவருக்கு மட்டுமா தெரியும்? பால்காரர், எதிர் வீடு, டீக்கடை? முன்பின் தெரியாதவர்களிடம் போட்டோ காட்டுவதற்கு முன் அங்கே போய் யாராவது விசாரித்தீர்களா?

வாலாஜா வாத்தியார்:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், 68 வயது. என்னைப் போன்ற வீடுகள்தான் மணிக்குச் சரி என்று எல்லோரும் சொல்வார்கள், பகல் முழுக்க ஆள் இருக்கும், சத்தம் இல்லை, தரைத்தளம். ஆனால் எங்கள் பயத்தையும் கேளுங்கள். பயம் ஒன்று, எனக்கு முன்னால் அவன் போவானா, அவனுக்கு முன்னால் நான் போவேனா என்பது. மணி இப்போது இருக்கிற நிலைமையே அப்படி வந்ததுதானே? இரண்டாவது வைத்தியச் செலவு. பென்ஷனில் என் மாத்திரைக்கே ஒரு பங்கு போகிறது. காப்பகம் ஒரு காகிதத்தில் "உங்களுக்கு முடியாத நிலை வந்தால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம், மருத்துவச் செலவு எங்களுடையது, சோறும் இடமும் உங்களுடையது" என்று எழுதித் தந்தால் வயதானவர்கள் முன்வருவார்கள். நாய் காப்பகத்தின் பெயரிலேயே இருக்கட்டும், வீடு மட்டும் எங்களுடையது. என் வீட்டில் ஏற்கனவே ஒரு வயதான பெண் நாய் இருக்கிறது, வேறு நாயைச் சேர்க்காது, இல்லாவிட்டால் நானே கேட்டிருப்பேன். எதுவானாலும் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே குடியேற்றிவிடுங்கள். புது வீடும் வெடியும் ஒன்றாக வந்தால் ஓடிவிடுவான்.

டைல்ஸ் தரையாக இருந்தால் நடக்கிற வழியெல்லாம் சாக்கு விரிக்கச் சொல்லுங்கள். இடுப்பு பலமில்லாத நாய் ஒரு முறை வழுக்கினால் அப்புறம் அந்த அறைக்கே போகாது.

கூண்டுக்காரன்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அக்கா சொன்னதுதான். உண்ணிக் காய்ச்சல். தட்டணு குறைந்திருந்தது, டாக்ஸிசைக்ளின் 28 நாளைக்கு எழுதியிருக்கிறார்கள். கடைவாய்ப் பல் ஒன்று அழுகி ஈறு வீங்கியிருக்கிறது, தட்டணு ஏறிய பிறகு பிடுங்கலாம் என்றார் டாக்டர். இடுப்பிலும் தேய்மானம் உண்டு. ஆறு மாதமாக நாங்கள் இதைத்தான் சோகம் என்று போட்டோ போட்டுக்கொண்டிருந்தோம். சோகமும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை.

மருந்து ஆரம்பித்து ஆறாம் நாள், ஞாயிறு காலையில் ஆட்டோ பிடித்து மணியை சத்துவாச்சாரிக்குக் கூட்டிப்போனேன். தெருமுனையிலேயே மூக்கைத் தூக்கிவிட்டான். இழுக்கவில்லை, நான் இழுபட்டுப் போனேன் என்றும் சொல்ல முடியாது, ஆனால் வழி அவன்தான் காட்டினான். பூட்டின கேட் முன்னால் பத்து நிமிடம் நின்றான். அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். அப்புறம் அவனாகவே திரும்பி எதிர்ப்பக்கம் புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான், தினமும் படுக்கிறவன் மாதிரி. இஸ்திரி போடுகிற அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்து, "டேய் மணி, எங்கடா பூட்ட இத்தினி நாளா?" என்றார். வால் ஆடியது. ஆறு மாதத்தில் அந்த வால் ஆடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பொறையைப் பாலில் நனைத்துக் கொடுத்தார், மூன்று தின்றான், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

பெரியவர் தினமும் காலையில் கோயிலுக்குப் போகும்போது இவனை வண்டியடியில்தான் விட்டுவிட்டுப் போவாராம். காரில் ஏற்றின அன்றைக்கு இந்த அம்மா ஊரில் இல்லை, பிள்ளைகள் பெங்களூருக்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். "எனக்கு வச்சிக்க ஆசைதான்ப்பா, பின்னாடி ஒத்த ரூம்பு, வாடகை, ஓனர் இன்னா சொல்வாரோ. ஊசி மாத்திரைன்னா எங்கிட்ட துட்டு இல்ல" என்கிறார். ரூம் தரைத்தளம், சிமெண்டுத் தரை, குழந்தைகள் எல்லாம் பெரியவர்கள். ஓனரிடம் நான் பேசினேன், பழைய நாய்தானே, தெரியும், மாடிப் பக்கம் வராமல் இருந்தால் சரி என்றார். வாத்தியார் சார் சொன்ன காகிதத்தைக் காப்பகத்தில் கேட்டேன், மருந்துச் செலவுக்கு ஒத்துக்கொண்டார்கள், ஆனால் மாதாமாதம் அரிசிக்கும் முட்டைக்கும் யாராவது பொறுப்பு எடுத்தால்தான் அந்த அம்மாவைக் கேட்பது நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாலாஜா வாத்தியார்:

மாதம் 500 என்னுடையது. பணத்தை அந்த அம்மா கையில் கொடுங்கள், காப்பகம் வழியாக வேண்டாம், பொருள் வாங்கிக் கொடுத்துக் கணக்குக் கேட்கவும் வேண்டாம்.

பாலாறு2:

நாங்க ரூம்ல அஞ்சு பேர் சேர்ந்து 500 ப்ரோ. ஞாயிறு டாக்டரிடம் கூட்டிப்போவதும் எங்கள் வேலை, ஒருத்தனிடம் கார் இருக்கிறது.

நேர்பேச்சு:

தெரு தெருன்னு நான் சொன்னப்போ திட்டினீங்களே. எண் அனுப்புங்கள், நானும் போடுகிறேன்.

அரியூர் அக்கா:

28 நாள் மருந்து முடிகிற வரை காப்பகத்திலேயே வைத்திருக்க வேண்டாம் தம்பி, மாத்திரையை அந்த அம்மாவே பொறைக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார். சோறு தின்ற பிறகு கொடுக்கச் சொல்லுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி எடுப்பான். போகும்போது அவன் பழைய சாக்கைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள்.

கூண்டுக்காரன்:

சாக்கை மாசியிலேயே துவைத்துவிட்டேன் அக்கா. உண்ணி இருந்தது.

அரியூர் அக்கா:

சரி விடுங்கள். நாளைக்குப் போய் அந்த அம்மா கட்டின பழைய புடவை ஒன்று வாங்கிவந்து, போகிற வரைக்கும் கூண்டில் அவன் பக்கத்தில் போடுங்கள்.