சிறுபான்மைப் பங்கு வாங்கினால் வழித்தடம் கிடைக்குமா?

நெடுவழி

வணக்கம். விமான நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். ஒரு செய்தி மட்டும் பிடிபடவில்லை. மற்றொரு நிறுவனம் இயக்கும் விமானத்தில் தன் பயண எண்ணை இட்டு இருக்கை விற்கக் கோட்ஷேர் ஒப்பந்தமே போதும். அதற்கும் மேல் ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்ட், ஸ்கைடீம் என்ற மூன்று கூட்டணிகள் கால் நூற்றாண்டாக நிலைத்திருக்கின்றன. அப்படியிருந்தும் நிறுவனங்கள் ஒன்றின் பங்கை ஒன்று வாங்குவது நின்றபாடில்லை.

அபுதாபியைத் தளமாகக் கொண்ட எத்திஹாட்டின் கதை எல்லோரும் அறிந்ததே. 2011 முதல் 2014 வரை ஜெர்மனியின் ஏர் பெர்லினில் சுமார் 29%, இந்தியாவின் ஜெட் ஏர்வேஸில் 24%, இத்தாலியின் அலிடாலியாவில் 49% என்று வாங்கிச் சேர்த்தது. 2017இல் அலிடாலியாவும் ஏர் பெர்லினும் சில மாத இடைவெளியில் திவால் நடவடிக்கைக்குள் சென்றன. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. இதையெல்லாம் பார்த்த பிறகும் கத்தார் ஏர்வேஸ், லுஃப்தான்சா, ஏர் பிரான்ஸ்-கே.எல்.எம். போன்றவை அதே வழியில் செல்வது ஏன்? ஒப்பந்தத்தால் தர முடியாத எதை 25% பங்கு தருகிறது? வழித்தட விரிவாக்கத்துக்காகவே வாங்குகிறோம் என்று ஒரு நிர்வாகம் சொன்னால் அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

வானெல்லை

முதலில் சட்டத்தைப் பார்த்தால் கேள்வியில் பாதி தெளிந்துவிடும். 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, தன் வான்வெளியின் மீதான முழு அதிகாரத்தை ஒவ்வொரு நாட்டுக்கும் உறுதிசெய்தது. அதனால் எந்த நிறுவனம் எந்த ஊருக்கு வாரம் எத்தனை முறை பறக்கலாம் என்பதைப் பெரும்பாலும் இரு அரசுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தமே தீர்மானிக்கிறது. அந்த உரிமை, அந்தந்த நாட்டவரின் உடைமையிலும் கட்டுப்பாட்டிலும் உள்ள நிறுவனங்களுக்கே உரியது என்பது இவ்வகை ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. உள்நாட்டுச் சட்டங்களும் இதையே வலியுறுத்துகின்றன: அமெரிக்காவில் வெளிநாட்டவர் 25 விழுக்காட்டுக்கு மேல் வாக்குரிமை வைத்திருக்க முடியாது, ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதிக்கு மேற்பட்ட உடைமை உறுப்பு நாடுகளிடமோ அவற்றின் குடிமக்களிடமோ இருக்க வேண்டும், இந்தியாவில் வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்கான வரம்பு 49%. ஆகவே, வேறு துறைகளில் ஒரு நிறுவனம் மற்றொன்றை முழுமையாக வாங்கிவிடும் இடத்தில், விமானத் துறையில் சிறுபான்மைப் பங்கோடு நின்றுவிட வேண்டியிருக்கிறது.

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியா. அந்நாட்டின் பெரிய நகரங்களுக்கு வாரம் 28 கூடுதல் சேவைகளை இயக்கக் கத்தார் ஏர்வேஸ் கேட்ட அனுமதியை ஆஸ்திரேலிய அரசு 2023இல் மறுத்தது. அடுத்த ஆண்டே விர்ஜின் ஆஸ்திரேலியாவின் 25% பங்கை அதன் உரிமையாளரான பெயின் கேபிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்திடமிருந்து வாங்கும் உடன்பாட்டைக் கத்தார் அறிவித்தது. ஒப்புதல்கள் கிடைத்த பின், 2025 ஜூன் முதல் தோஹாவுக்கான புதிய சேவைகள் தொடங்கின. அவற்றின் அளவும் வாரத்துக்கு 28 என்றே திட்டமிடப்பட்டிருந்தது. விமானமும் பணிக்குழுவும் கத்தாருடையவை. ஆனால், சேவை விர்ஜின் ஆஸ்திரேலியாவின் பெயரில், ஆஸ்திரேலியத் தரப்புக்கு உரிய உரிமையில் நடக்கிறது. முன்வாசலில் மறுக்கப்பட்டது பக்கவாசல் வழியாகக் கிடைத்தது என்று நான் சொல்வதைச் சிலர் ஏற்காமல் போகலாம். போட்டி ஆணையமும் கருவூல அமைச்சரும் முறைப்படி ஆராய்ந்தே ஒப்புதல் தந்தார்கள் என்பதும் உண்மை. எனினும் வழித்தடம் என்ற கணக்கில் பார்த்தால், பங்கு வாங்கியது பலன் தந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஐந்தொகை

வானெல்லை சொன்னதை மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பலனுக்கு என்ன விலை கொடுக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

பங்கை விற்க முன்வரும் விமான நிறுவனம் பெரும்பாலும் பணமுடையில் இருக்கும் நிறுவனமாகவே இருக்கிறது. எத்திஹாட் வாங்கியவற்றில் பலவும் அப்படித்தான். அலிடாலியாவும் ஏர் பெர்லினும் அபுதாபிக்கு இணைப்புப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்த்தன. அந்தப் பயணிகளிடமிருந்து எத்திஹாட்டுக்கு வருவாயும் வந்தது. ஆனால், அவ்விரு நிறுவனங்களும் நட்டப்பட்டதோ, குறைந்த கட்டணப் போட்டியாளர்கள் நிறைந்த ஐரோப்பியக் குறுந்தொலைவுச் சேவைகளில். அந்த நட்டத்தின் அருகில் இணைப்புப் பயணிகள் தந்த வருவாய் மிகச் சிறியது. 2016ஆம் ஆண்டுக்கு எத்திஹாட் 187 கோடி டாலர் நட்டம் காட்டியபோது, கூட்டாளிகளில் முடக்கிய பணத்தின் மதிப்பிழப்பும் அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இருந்தது.

இந்தப் பாடத்தை எத்திஹாட்டுக்கு முன்பே சுவிஸ்ஏர் கற்பித்திருந்தது. 1992 டிசம்பர் வாக்கெடுப்பில் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர்வதைச் சுவிட்சர்லாந்து மக்கள் நிராகரித்ததால், திறந்துகொண்டிருந்த ஐரோப்பியச் சந்தைக்கு வெளியே நின்ற சுவிஸ்ஏர், உள்ளே இருந்த நிறுவனங்களின் பங்குகளை வாங்கத் தொடங்கியது. பெல்ஜியத்தின் சபேனாவில் மட்டும் 49.5%. 2001 அக்டோபர் தொடக்கத்தில் கையில் பணமின்றிச் சுவிஸ்ஏரின் விமானங்கள் தரையில் நின்றன. அடுத்த மாதமே சபேனா திவாலானது. சந்தைக்குள் நுழைய வேண்டிய தேவை உண்மையானதுதான். ஆனால், கூட்டாளிகளின் கடனையும் நட்டத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தபோதும், அவற்றைச் சீரமைக்கும் முழு அதிகாரம் அதன் கையில் இல்லை.

கணக்கியல் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டுக் கணக்கியல் தரங்களின்படி, 20 விழுக்காடோ அதற்கு மேலோ வாக்குரிமை இருந்தால் குறிப்பிடத்தக்க செல்வாக்கு உண்டு என்று கருதப்படும். கூட்டாளியின் லாப நட்டத்தில் உரிய பங்கை வாங்கியவர் தன் கணக்கிலும் காட்ட வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பங்கு வைத்திருந்த விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்த பின் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் ஏர் இந்தியாவின் 25.1% பங்கு இருக்கிறது. அதனால் ஏர் இந்தியாவின் நட்டம் இப்போது சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நிகர லாபத்தைக் குறைக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு இது தெரியாமல் நடந்ததல்ல. மிகச் சிறிய நாட்டிலிருந்து இயங்கும் அந்நிறுவனம், உள்நாட்டுச் சந்தையே இல்லாத தன் குறையை ஈடுசெய்யத் தெரிந்தே கொடுக்கும் விலை அது.

நெடுவழி

இருவருக்கும் நன்றி. அப்படியானால், ஜெட் ஏர்வேஸில் எத்திஹாட் போட்ட பணம் முழுவதும் வீண் என்று கொள்ளலாமா? இன்னொன்று: பங்கு இல்லாமல் வெறும் ஒப்பந்தத்தின் மூலமாகவே இந்தப் பலன்களைப் பெற்றவர்கள் இருக்கிறார்களா?

வானெல்லை

ஜெட்டை அவ்வளவு எளிதாக வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. 37.9 கோடி டாலருக்கு 24% என்ற உடன்பாடு 2013 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. (பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் 25 விழுக்காட்டைத் தொட்டால் மற்ற பங்குதாரர்களுக்கும் வாங்கும் வாய்ப்பை முன்வைக்க வேண்டும் என்பது இந்திய விதி; 24 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும்.) ஏறத்தாழ அதே நேரத்தில், இந்தியாவுக்கும் அபுதாபிக்கும் இடையே ஒவ்வொரு தரப்பும் விற்கக்கூடிய வாராந்திர இருக்கைகளின் எண்ணிக்கையைச் சுமார் 13,000இலிருந்து படிப்படியாக 50,000 ஆக உயர்த்த இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. ஜெட் மறைந்துவிட்டது, அந்த உரிமை மறையவில்லை. எத்திஹாட் இன்றும் இந்தியாவில் விரிவடைவதற்கு அடித்தளம் அதுவே. போட்ட முதல் போனதைப் பங்குக் கணக்கு காட்டுகிறது. அரசுகளுக்கிடையே திறந்த கதவுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

ஓடுபாதை

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இந்த விவாதத்தில் போதிய கவனம் பெறாதது அதுதான் என்பது என் கருத்து.

கோட்ஷேரில் இருக்கையை விற்றுக் கொடுக்கும் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது தரகு போன்ற ஒரு சிறு தொகை. ஆகவே, தன் சொந்த விமானம் நிரம்பும் வரை கூட்டாளியின் விமானத்தை விற்பதில் அதற்கு ஆர்வம் இருப்பதில்லை. கூட்டு வணிக ஒப்பந்தம் என்பது வேறு: குறிப்பிட்ட வழித்தடங்களின் வருவாயை ஒரே பானையில் போட்டு, பயணி யாருடைய விமானத்தில் பறந்தார் என்று பாராமல், உடன்பட்ட விகிதத்தில் பிரித்துக்கொள்கிறார்கள். அப்போதுதான் நேர அட்டவணை, கட்டணம், புதிய ஊர் ஆகியவற்றை இருவரும் ஒரே நிறுவனம்போல அமர்ந்து திட்டமிட முடியும். ஆனால், போட்டியாளர்கள் கட்டணத்தைச் சேர்ந்து தீர்மானிப்பது சட்டப்படி குற்றம் என்பதால் இதற்குப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டும். பங்கு வைத்திருப்பது அந்த விலக்கைத் தந்துவிடாது என்பதைக் கவனியுங்கள். 25% பங்கு வைத்திருப்பவரும் விலக்கு இல்லாமல் கட்டணத்தைப் பற்றிப் பேச முடியாது.

இந்த விலக்கை முதலில் பெற்றவை நெதர்லாந்தின் கே.எல்.எம்.மும் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட்டும். நெதர்லாந்துடன் 1992இல் திறந்தவான் ஒப்பந்தம் (வழித்தடத்துக்கும் சேவை எண்ணிக்கைக்கும் அரசுகள் வரம்பு வைக்காத ஒப்பந்தம்) செய்த அமெரிக்கா, அடுத்த ஆண்டு அவ்விரு நிறுவனங்களுக்கும் விலக்களித்தது. அதற்கு முன்பே, 1989இல், கே.எல்.எம். நார்த்வெஸ்ட்டில் பங்கு வாங்கியிருந்தது; அந்தப் பங்கே பின்னர் பகைக்கு வித்திட்டது. கே.எல்.எம். ஆதிக்கம் செலுத்த முயல்வதாக நார்த்வெஸ்ட் அஞ்சியது, வழக்குகள் எழுந்தன. கடைசியில் 1997இல் பங்கை நார்த்வெஸ்ட்டுக்கே திருப்பி விற்க உடன்பட்ட கே.எல்.எம்., அதே கையோடு கூட்டு வணிக ஒப்பந்தத்தை நீண்ட காலத்துக்கு நீட்டித்துக்கொண்டது. அதன் பிறகே உறவு சீரானது. அமெரிக்காவின் டெல்டாவும் தென் அமெரிக்காவின் லத்தாமும் இதற்கு இன்னொரு சான்று. 2019இல் 190 கோடி டாலருக்கு 20% பங்கு வாங்க டெல்டா உடன்பட்டது. 2020 மே மாதம் லத்தாம் திவால் பாதுகாப்பில் நுழைந்தபோது அந்த முதலீட்டின் மதிப்பு அழிந்தது. ஆனால், கூட்டு வணிகத்துக்கு 2022இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. வட, தென் அமெரிக்கக் கண்டங்களுக்கிடையே அவ்விருவரும் இன்று புதிய தடங்களைத் திறப்பது அதன் பலத்தில்தான். பங்கே வாங்காமல் 2013இல் ஆஸ்திரேலியாவின் குவாண்டஸுடன் கைகோத்த துபாயின் எமிரேட்ஸையும் மறக்க வேண்டாம். அதே எமிரேட்ஸ் 1998இல் ஸ்ரீலங்கனின் 40% பங்கையும் பத்தாண்டு நிர்வாக உரிமையையும் வாங்கியிருந்தது. இலங்கை அரசுடன் ஏற்பட்ட பூசலில் 2008இல் நிர்வாகம் கைமாறியது, 2010இல் பங்கை அரசே திரும்ப வாங்கிக்கொண்டது.

ஐந்தொகை

ஓடுபாதையின் வாதத்தில் ஓர் இடைவெளி உள்ளது. ஒப்பந்தம் செய்துகொள்ளக் கூட்டாளி சம்மதிக்க வேண்டுமே. அந்தச் சம்மதத்தைப் பல வேளைகளில் பங்குதான் வாங்கித் தருகிறது. ஒன்வேர்ல்டில் இருந்த லத்தாம் அக்கூட்டணியை விட்டு வெளியேறியது டெல்டாவின் பணத்துக்குப் பிறகே. ஸ்டார் அலையன்ஸைத் தொடங்கிய உறுப்பினர்களுள் ஒன்றான, ஸ்காண்டிநேவிய நாடுகளின் எஸ்.ஏ.எஸ்., ஏர் பிரான்ஸ்-கே.எல்.எம். 19.9% பங்கு எடுத்ததும் 2024 செப்டம்பரில் ஸ்கைடீமுக்கு மாறியது. முழுமையாக வாங்கச் சட்டம் இடம் தரும் இடங்களில் சிறுபான்மைப் பங்கு முதல் படி மட்டுமே என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: லுஃப்தான்சா 2025 ஜனவரியில் இத்தாலியின் இட்டா ஏர்வேஸின் 41% பங்கை 32.5 கோடி யூரோவுக்கு எடுத்தது, மீதத்தையும் பின்னர் வாங்கும் உரிமையோடுதான்.

ஓடுபாதை

ஒப்புக்கொள்கிறேன்; கூட்டணி மாற்றத்தில் பங்கு வாங்குவதன் செல்வாக்கு நான் சொன்னதைவிடப் பெரியதுதான். ஆனால், நெடுவழி கேட்டது நிர்வாகத்தின் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்று. அதற்கு அறிவிப்பில் விழுக்காட்டைத் தேடாமல், கூட்டு வணிகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா, எந்த இரு நாடுகளுக்கிடையே, அந்நாடுகளின் ஒப்பந்தத்தில் இன்னும் பயன்படுத்தாத உரிமை எவ்வளவு மீதம் இருக்கிறது என்று தேடுங்கள். பங்கையும் கூட்டு வணிகத்தையும் பிரித்துப் பார்க்க டெல்டா–ஏரோமெக்சிகோ விவகாரமே போதும். மெக்சிகோ நகர விமான நிலையத்தின் ஸ்லாட்டுகளை (விமானம் புறப்படவும் இறங்கவும் ஒதுக்கும் நேரங்களை) மெக்சிகோ அரசு குறைத்ததும், சரக்கு விமானங்களை அங்கிருந்து வெளியேற்றியதும் இரு நாடுகளின் விமானச் சேவை ஒப்பந்தத்தை மீறுவதாகக் கூறி, அவ்விரு நிறுவனங்களின் கூட்டு வணிகத்துக்குத் தந்த விலக்கை முடிவுக்குக் கொண்டுவர அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2025 செப்டம்பரில் ஆணையிட்டது; விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஏரோமெக்சிகோவில் உள்ள தன் 20% பங்கை டெல்டா தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்று அதே ஆணை சொல்கிறது.